நல்லா ஏறியிருக்கு

பாப்பா, தம்பி, ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படியுங்கள். பாப்பா வாய்விட்டுப் படிக்கட்டும். தம்பி நடுநடுவே கேள்வி கேட்பான், கேட்கட்டும். எனக்குத் தெரிந்ததையெல்லாம் இதிலேயே எழுதியிருக்கிறேன். தெரியாததை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் அப்பா நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் பாப்பா திருத்திக்கொள்.

போன வாரம் பாப்பா அறிவியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, கல்லீரல் கெட்டுப்போனால் ரத்தத்தில் நொதி ஏறுமாமே, அதைப் பார்க்கத்தானே நீ ஆறு மாசத்துக்கு ஒருமுறை ரத்தம் குடுக்குற என்று கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மோட்டார் போடுவதற்கு எழுந்து போய்விட்டேன். தொட்டி அப்போது நிறைந்துதான் இருந்தது. வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. சொல்ல ஆரம்பித்தால் உங்கள் பெரியப்பாவிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், அங்கேயே நின்றுபோவேன். எழுதும்போது நின்றால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக்கொள்ளலாம்.

பெரியப்பா டிராக்டர் ஓட்டியதை ரெண்டு பேரும் பார்த்திருக்கிறீர்கள். வல்லம் பக்கம் யார் நிலத்தில் உழவு என்றாலும் அண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். காய்ச்சல், தலைவலி என்று அவர் படுத்து நான் பார்த்ததில்லை. ஒரு வருஷம், மல்லாட்டை, பாப்பா புத்தகத்தில் வேர்க்கடலை என்று இருக்குமே, அது பிடுங்குகிற சமயம், அவர் சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. வயிறு மட்டும் முன்னால் வந்தது. வீட்டுச் சாப்பாடு நல்லா ஒத்துக்குது போல என்று நாங்களே கிண்டல் பண்ணினோம். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, ஈரலில் புற்றுநோய், கட்டி பெரிதாகிவிட்டது, இனிமேல் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஊரில் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். ஈரல் கெட்டுப்போச்சு என்றால் குடிச்சிருப்பான். அண்ணன் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. கடைசி நாட்களில் அவரே என்னிடம், "நான் குடிச்சிருந்தாகூட மனசு ஆறியிருக்கும்டா" என்றார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

பாண்டிச்சேரியில் அண்ணனைப் பார்த்த டாக்டர்தான் சொன்னார், இது ஹெப்படைட்டிஸ் பி என்கிற கிருமியால் வந்தது, பிரசவ சமயத்திலேயே தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்திருக்கலாம், அந்தத் தாய்க்கே அது தெரிந்திருக்காது என்று. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் எல்லாரும் ரத்தம் சோதித்துப் பார்த்துவிடுங்கள் என்றும் சொன்னார். அண்ணனுடைய கருமாதி அன்றைக்கு இதை உறவுக்காரர்கள் மத்தியில் நான் சொன்னேன். சொன்ன இடம் சரியில்லை போலிருக்கிறது. எங்கள் அம்மா போய் பல வருஷம் ஆகியிருந்தது. செத்தவளை எதுக்குடா இதுல இழுக்குற என்று சித்தப்பா ஒருவர் சத்தம் போட்டார். பந்தியில் சோறு பரிமாறினவர்கள்கூட நின்றுவிட்டார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது.

உங்கள் அம்மாவுக்கு மட்டும் முடியவில்லை. தினமும் டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கும்போது, இன்னைக்குப் போறீங்களா என்று கேட்பாள். எங்கே என்று நானும் கேட்கமாட்டேன், அவளும் சொல்லமாட்டாள். எனக்கு உடம்பில் ஒன்றுமே இல்லை. மில்லில் மூட்டை தூக்குகிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நம்ம பக்கத்தில் ஈரல் நோய் என்றால் மஞ்சக்காமாலைதான். கண் மஞ்சளாகணும், ஒண்ணுக்கு மஞ்சளாகப் போகணும். ரெண்டும் இல்லையென்றால் ஈரல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நான் கீழ் இமையை விரலால் இழுத்து அவளிடம் காட்டினேன், பார், வெள்ளை வெளேர்னு இருக்குது பார் என்று.

"உங்க அண்ணன் கண்ணும் வெள்ளையாதாங்க இருந்துச்சு" என்றாள்.

அன்றைக்கே போனேன். செஞ்சி கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, சின்ன வயசுதான், அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லேபில் ரத்தம் கொடுத்தேன். மில்லில் மல்லாட்டை உடைக்கிற மிஷின் ஓடும்போது போன் அடித்தால் காதில் விழாது. அதனால் உங்கள் அம்மா நம்பரைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

இப்போது ஒரு விஷயத்தைப் பாப்பா ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு முந்தின வருஷம் உன் பள்ளிக்கூடத்தில் ரத்தம் சோதித்து, உனக்கு ரத்தம் கம்மி என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் அம்மா முருங்கைக் கீரை, பேரீச்சம்பழம், கேழ்வரகு என்று உன்னைத் துரத்தித் துரத்திச் சாப்பிட வைத்தாள். தம்பியும் உன்கூடச் சேர்ந்து முருங்கைக் கீரை தின்று தின்று அழுதான். ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும் எங்களுக்கு ஒரே கேள்விதான், ஏறியிருக்குதா, ஏறலையா. கொஞ்சம் ஏறியிருக்கு என்றால் அன்றைக்கு வீட்டில் சந்தோஷம். கடைசியாக, சோதிக்கிற நர்ஸம்மா, நல்லா ஏறியிருக்கும்மா, இனி கவலை இல்ல என்று சொன்னபோது உங்கள் அம்மா கேசரி பண்ணினாள். ஆகவே நம்ம வீட்டில் ரத்த டெஸ்ட் என்றால் ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது. எனக்கும் அவளுக்கும் அவ்வளவுதான் படிப்பு.

லேபிலிருந்து போன் வந்தது. பேசின பெண் நல்ல மாதிரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். சாரோட எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ரெண்டுமே நல்லா ஏறியிருக்கு, ரிப்போர்ட்டை வாங்கிட்டு டாக்டரைப் பாத்துடுங்க என்று.

நல்லா ஏறியிருக்கு. அந்த வார்த்தையை நினைத்துப் பாருங்கள். நல்லா அடிச்சிட்டான் என்கிறோம், நல்லா மழை பேஞ்சு கூரை ஒழுகிச்சு என்கிறோம். அதில் நல்லது எங்கே இருக்கிறது? ஆனால் உங்கள் அம்மா கேட்டது நர்ஸம்மா சொன்ன அதே வார்த்தை. போனை வைத்துவிட்டு ரவையை வறுத்தாள்.

மத்தியானம் மில்லுக்கே தூக்குச்சட்டியோடு வந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி, ரெண்டுமே நல்லா ஏறியிருக்காம் என்றாள். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அண்ணன் செத்ததிலிருந்து நெஞ்சில் ஒரு மூட்டை ஏறி உட்கார்ந்திருந்தது, அதை யாரோ கை கொடுத்து இறக்கினது போலிருந்தது. ஈரல் நல்லா வேலை செய்யுதுபோல என்று நானும் சொன்னேன். லோடு இறக்குகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு கை கேசரி கொடுத்தோம்.

"இன்னா விசேஷம்? மூணாவதா?" என்று கேட்டான் ஒருவன். உங்கள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு அத்தைக்கும் ஒரு கிண்ணம் போனது. என் தங்கச்சி, அவலூர்பேட்டை அத்தைக்குப் போன் போனது. உங்களுக்கும் சாயங்காலம் கிடைத்தது. எதுக்கும்மா கேசரி என்று தம்பி கேட்டதற்கு, அப்பாவுக்கு ஏறியிருக்குடா என்று சொன்னாள். அது இன்னா என்று அவன் கேட்கவில்லை, முந்திரிப்பருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

மறுநாள் ரிப்போர்ட்டோடு ரெண்டு பேரும் டாக்டரம்மாவிடம் போனோம். அவர்கள் காகிதத்தைக் கையில் வாங்குவதற்கு முன்னாடியே உங்கள் அம்மா, நல்லா ஏறியிருக்குன்னு சொன்னாங்கம்மா என்று சொல்லிவிட்டாள், பிள்ளை மார்க் வாங்கினதைச் சொல்கிற மாதிரி. டாக்டரம்மா காகிதத்தைப் படித்தார்கள். அப்புறம் எங்கள் ரெண்டு பேர் முகத்தையும் பார்த்தார்கள். நாங்கள் எதை நினைத்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. வேறு யாராவது இருந்தால் சிரித்திருப்பார்கள். அவர்கள் சிரிக்கவில்லை. அதற்காகவே நான் அவர்களைக் கும்பிடுவேன்.

"அம்மா, இது ஏறக் கூடாதும்மா" என்றார்கள். "இது எறங்கணும்."

உங்கள் அம்மா மடியில் வைத்திருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி படத்தைப் பார்த்தேன். அதிலிருந்த குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்கள். ஈரலில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, எஸ்.ஜி.பி.டி. என்கிற இந்த என்சைம் அந்த அறைகளுக்குள்ளே இருந்து வேலை செய்ய வேண்டிய சாமான், அறை உடைந்தால்தான் அது வெளியே வந்து ரத்தத்தில் கலக்கும், ரத்தத்தில் அது நிறைய இருக்கிறது என்றால் உள்ளே நிறைய உடைகிறது என்று அர்த்தம். பாப்பா, உன் புத்தகத்தில் நொதி என்று போட்டிருப்பது இதைத்தான். ஆஸ்பத்திரியில் யாரும் நொதி என்று சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு அந்த வார்த்தைதான் பிடித்திருக்கிறது, சின்னதாக இருக்கிறது.

எனக்கு உடனே மில் ஞாபகம் வந்தது. காலையில் குடோனைத் திறக்கும்போது தரையில் மல்லாட்டைப் பருப்பு சிதறிக் கிடந்தால், எங்கேயோ மூட்டை கிழிந்திருக்கிறது என்று தெரியும். நிறையக் கிடந்தால் நிறையக் கிழிசல். ஆனால் எலி கடித்ததா, கொக்கி கிழித்ததா, சாக்கே மக்கிப்போய்விட்டதா, அது தரையைப் பார்த்தால் தெரியாது. மூட்டையைப் புரட்டித்தான் பார்க்க வேண்டும். இதை நான் சொன்னதும், அதேதாங்க, இப்போ மூட்டையைப் புரட்டுவோம் என்றார்கள் டாக்டரம்மா. அடுத்த சோதனையில் எலி எது என்று தெரிந்தது. அண்ணனுக்கு இருந்த அதே கிருமி.

மில் வேலை என்று சொன்னதும் இன்னொரு கேள்வி கேட்டார்கள், பூஞ்சை பிடித்த மல்லாட்டை தின்பீர்களா என்று. மழையில் நனைந்து கறுத்துப்போன பருப்பில் வளருகிற பூஞ்சையும் ஈரலைக் கெடுக்குமாம், இந்தக் கிருமி இருக்கிற உடம்பில் ரெண்டும் சேர்ந்தால் புற்றுநோய் வர வழி அதிகமாம். வேலை செய்துகொண்டே நல்லது கெட்டது பார்க்காமல் ரெண்டு பருப்பை வாயில் போட்டுக்கொள்வது மில்லில் எல்லாருக்கும் உள்ள பழக்கம். அன்றோடு விட்டேன். கசக்கிற பருப்பை நான் உங்களைத் துப்பச் சொல்லிப் பின்னாலேயே வருவது இதனால்தான். நல்ல மல்லாட்டையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், நம்ம வீட்டில் சோறே அதில்தான்.

புற்றுநோய்க்கென்று ஏ.எஃப்.பி. என்று ஒரு டெஸ்ட். அது கொஞ்சம் கூடியிருந்தது. ஸ்கேனில் ஈரலின் வலது பக்கம் ஒரு நிழல். நிழல் என்றுதான் சொன்னார்கள். அது இன்னதென்று சொல்ல ஊசி மருந்து போட்டு எடுக்கிற பெரிய ஸ்கேன் வேண்டும், பாண்டிச்சேரிக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதே பாண்டிச்சேரி. அண்ணனை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்த அதே ரோடு. ஸ்கேனுக்கு நாள் கொடுத்து, அப்புறம் ரிசல்ட்டுக்கு நாள் கொடுத்தார்கள். அந்த நடு நாட்களைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வேண்டும். எனக்கு வந்தது அண்ணனுக்கு வந்ததுதானா என்று தெரியாமல் நான் இருந்த நாட்கள் அவை. நீங்கள் ரெண்டு பேரும் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தீர்கள்.

முதலில் உங்களையும் உங்கள் அம்மாவையும் சோதித்தார்கள். பாப்பா, உன் விரலைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன், ரத்தம் கம்மியானு பாக்குறாங்களா என்று கேட்டாய், ஆமாம் என்றேன். மூன்று பேருக்கும் கிருமி இல்லை. நீங்கள் பிறந்த அன்றைக்கே தொடையில் ஒரு ஊசி போட்டார்கள், வீறிட்டு அழுதீர்கள். அது இதற்குத்தான் என்று எனக்கு இந்தச் சோதனையின்போதுதான் தெரிந்தது. அந்த நர்ஸ் முகம் எனக்கு ஞாபகமில்லை. கோட்டைப் பக்கம் நடக்கும்போது எதிரில் வெள்ளைப் புடவை நர்ஸ் யார் வந்தாலும், இவங்களாக இருக்குமோ என்று நினைத்துக்கொள்கிறேன். உங்கள் அம்மாவுக்கும் மூன்று தவணை ஊசி போட்டாயிற்று.

அவலூர்பேட்டை அத்தைக்கும் சோதித்ததில் கிருமி இல்லை. எனக்கு இருக்கிறது, தனக்கு இல்லை என்பது அவளுக்குக் குற்றம் செய்தது போல ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையானால் காலை பஸ்ஸில் வந்து இறங்குவாள், கையில் ஆட்டு ஈரல். கெட்டுப்போனது ஈரல், அதனால் ஈரல் சாப்பிட்டால் சரியாகும் என்பது அவள் கணக்கு. டாக்டர் இதையெல்லாம் எழுதித் தரவில்லையே என்று உங்கள் அம்மா சொன்னதற்கு, "டாக்டருக்குக் கசாப்புக் கடை தெரியுமா அண்ணி? கண்ணு வலிச்சா நீ வேணா ஆட்டுக் கண்ணைத் தின்னாத, அண்ணன் இதைத் திங்கட்டும்" என்றாள். அடுத்த தடவை டாக்டரம்மாவிடம் கேட்டேன். அளவாகச் சாப்பிடலாம், ஆனால் மருந்து அது இல்லை என்றார்கள். அத்தையிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

பக்கத்து வீட்டு அத்தை விஷயம் வேறு. நமக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர். அவர்கள் அடுப்படியில் கடுகு பொரிந்தால் நம்ம வீட்டில் சத்தம் கேட்கும், மூக்கில் ஏறும். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. ரெண்டு மூன்று நாள் கழித்துத்தான் புரிந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் தாளிக்கிற சத்தமே இல்லை. வீட்டில் யாருக்காவது முடியவில்லையோ என்று உங்கள் அம்மா போய் விசாரித்தாள்.

உங்களுக்குத் தெரியாது, நம்ம பக்கத்தில் ஒரு வீட்டில் காமாலை கண்டால் அந்த வீட்டில் தாளிக்கமாட்டார்கள். எண்ணெய் காய்கிற வாசனை காமாலைக்காரனுக்கு ஆகாது என்பார்கள். ஒட்டின வீட்டுக்காரர்களும் தாளிக்காமல் இருந்தால் நல்லது என்பார்கள், ஆனால் யாரும் போய்க் கேட்கமாட்டார்கள், எப்படிக் கேட்பது? எனக்கு ஈரலில் கோளாறு என்று கேள்விப்பட்ட அன்றைக்கே அந்த அத்தை தாளிப்பதை நிறுத்திவிட்டாள். அவள் வீட்டுக்காரர் மொத்தமாக நொந்துபோயிருந்தார். பருப்பும் பச்சைத் தண்ணி, ரசமும் பச்சைத் தண்ணி.

உங்கள் அம்மா அவளிடம், அவருக்குக் காமாலை இல்லை, இது வேற, டாக்டரும் தாளிக்கக் கூடாதுன்னு சொல்லலை, நாங்களே தாளிக்கிறோம், உனக்குக் கேட்கலையா என்று சொல்லியிருக்கிறாள். கேட்டுச்சு அண்ணி, உங்களுக்கு வெவரம் தெரியலைன்னு நெனச்சேன், நீங்க தப்பு பண்ணா நானாவது சரியா இருக்கணும்ல என்றாளாம். அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தே எனக்குக் கேட்கும்படி பேசினாள்.

"அண்ணே, ரிசல்ட் வரட்டும், அப்புறம் தாளிக்கிறேன். அதுவரைக்கும் உங்க மச்சான் ஒண்ணும் எளைச்சிடமாட்டாரு."

ஊரில் சிலர் இது ஒட்டிக்கொள்ளும் என்று டம்ளர் மாற்றிக் கொடுத்த நாட்கள் அவை. சேர்ந்து சாப்பிடுவதாலும் தொடுவதாலும் ஒட்டாது, ரத்தத்தால்தான் ஒட்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். அந்த அத்தைக்கு அதுவும் தெரியாது. தெரியாமலேயே தன் வீட்டு டம்ளரில் மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள், தன் புருஷனை உப்புச்சப்பு இல்லாமல் சாப்பிட வைத்துக்கொண்டிருந்தாள். காரணம் தப்பு. ஆனால் எனக்காக ஒருத்தி தன் அடுப்பை அடக்கி வைத்திருந்தாள். அந்த நாட்களில் என்னை நிமிர்த்தி வைத்ததில் பாதி, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அந்த அமைதிதான்.

ரிசல்ட் சொல்கிற நாள் உங்கள் அம்மாவும் நானும் விடிந்ததும் திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து பாண்டிச்சேரி போனோம். அங்கே வேறொரு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே, உங்களுக்கு முன்னாடி யாருக்காவது இருந்துச்சா என்று கேட்டார். அண்ணனைச் சொன்னேன். உங்கள் அம்மா என் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள், கைக்குழந்தை பிடிப்பது போல.

"இது கேன்சர் இல்லீங்க" என்றார் அவர். "ரத்தக்குழாய் சுருண்டுகிட்டு ஒரு முடிச்சு மாதிரி இருக்கு. நெறைய பேருக்கு இருக்கும். சாவுற வரைக்கும் தெரியாமலே இருப்பாங்க."

நான் அழவில்லை. உங்கள் அம்மாவும் அழவில்லை. ரெண்டு பேரும் அவர் அடுத்து ஏதாவது சொல்வார், ஆனால் என்று ஆரம்பிப்பார் என்று காத்துக்கொண்டிருந்தோம். அவரும் சொன்னார், ஆனால் அது நாங்கள் பயந்த ஆனால் இல்லை. கிருமி ஈரலைக் காயப்படுத்திக்கொண்டிருக்கிறது, ஈரல் காயம் ஆறப் பார்க்கிறபோது ஏ.எஃப்.பி.யும் கொஞ்சம் கூடும், தினம் ஒரு மாத்திரை போட வேண்டும், நானாக நிறுத்தவே கூடாது, ஆறு மாசத்துக்கு ஒருமுறை ரத்தமும் ஸ்கேனும் பார்க்க வேண்டும். சரிங்க, சரிங்க என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அப்புறம் எனக்குள் இருந்த ஒன்றைக் கேட்டேன். அண்ணனுடைய கடைசி ரிப்போர்ட்டில் இந்த எஸ்.ஜி.பி.டி. பெரிதாக ஏறியிருக்கவில்லை. அதைப் பார்த்து நாங்கள் தைரியமாகக்கூட இருந்தோம். அது எப்படி? டாக்டர் படத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், உடையறதுக்கு நல்ல அறை மிச்சம் இருந்தாத்தானே வெளிய சிந்தும், உங்க அண்ணனுக்கு ஈரல் முக்கால்வாசி தழும்பாயிருக்கும் என்று. காலி மூட்டை ஒழுகாது. நான் குடோனில் எத்தனையோ வருஷம் பார்த்ததுதான், எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் நம்பர் இறங்கினாலும் ஸ்கேனை விடக் கூடாது என்றார். இதைப் பாப்பா உன் மிஸ்ஸிடம் சொல்லு. ஏறினால் நோய், இறங்கினால் சுகம் என்று மட்டும் எழுதினால் பாதிதான்.

எழுந்து வரும்போது உங்கள் அம்மா நின்று, அப்போ இது எறங்கணும், ஏறக் கூடாது, சரிதானே டாக்டர் என்று கேட்டாள். அவர் ஆமாம் என்றார். நாங்க ஏறினதுக்குக் கேசரி பண்ணோம் டாக்டர் என்றாள். எதுக்குச் சொன்னாளோ தெரியாது. அவருக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். அண்ணன் போனதிலிருந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான், அண்ணனுக்கு இனி ஒன்றும் இல்லை என்று கைவிரித்த அதே கட்டடத்தில்.

அண்ணன்தான் என்னைக் காப்பாற்றினார் என்று நான் நினைக்கிறேன். அவருக்கு வந்திராவிட்டால் எனக்கு யாரும் ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கமாட்டார்கள், நானும் கண் வெள்ளையாக இருக்கிறது என்று இமையை இழுத்துக் காட்டிக்கொண்டே இருந்திருப்பேன். அம்மா மேலும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் கொடுத்ததில் இது ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியாமல் கொடுத்தது. நீங்களும் யார் என்ன சொன்னாலும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது நம்பர் இறங்கி, டாக்டரம்மா சொன்ன அளவுக்குள் வந்து நிற்கிறது. மாத்திரை போடுகிறேன். மூட்டை தூக்குகிறேன்.

ரிசல்ட் சொன்ன அன்றைக்கு, மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை ரத்தம் எடுத்துக்கொண்டு, முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டி அனுப்பினார்கள். செஞ்சி வந்து இறங்கும்போது கோட்டை மேல் வெயில் சாய்ந்திருந்தது. நீங்கள் டியூஷன் போயிருந்தீர்கள். உங்கள் அம்மா செருப்பைக் கழற்றக்கூட இல்லை, நேராகப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போய்விட்டாள். நான் தோட்டத்துப் பக்கம் போய்ப் பிளாஸ்திரியை உரித்தேன். பஞ்சில் மிளகு அளவுக்கு ரத்தம் காய்ந்திருந்தது. குப்பைக் கூடையில் போடக் கையைக் கொண்டுபோனேன். காலையில் பேரூராட்சி வண்டியோடு வருகிற அந்தம்மா குப்பையை வெறும் கையால்தான் பிரிக்கிறாள். பஞ்சைப் பேப்பரில் மடித்தேன். கடப்பாரையை எடுத்து வேலி ஓரத்தில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டினேன். பஞ்சை உள்ளே வைத்து, பிளீச்சிங் பவுடர் ஒரு கை போட்டு, மண் தள்ளி மூடி, மேலே ஒரு கல்லைப் புரட்டி வைத்தேன். அப்புறம் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன்.